நீலப் பைங்கிளியைக் காட்டில் காண: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கிளி என்றதும் நம் கண்முன் வருவது ஒரே உருவம்தான். மேனி முழுக்கப் பச்சை, சிவந்த அலகு, ஆணாக இருந்தால் கழுத்தில் கறுப்பும் ரோஜா நிறமுமாக ஓர் ஆரம். கோபுரத்துப் பொந்துகளில் கூச்சலிடும் அந்தச் செந்தார்ப் பைங்கிளியைப் பார்த்தறியாதவர் தமிழ்நாட்டில் இருக்க முடியாது. அதற்கு ஒரு பங்காளி உண்டு. அது மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டு வேறெங்கும் குடியிருப்பதில்லை. பறவை ஆர்வலர்கள் அதை நீலப் பைங்கிளி என்கிறார்கள். மலபார் கிளி என்ற பெயரும் புழக்கத்தில் இருக்கிறது. 1830இல் அதற்கு அறிவியல் பெயர் சூட்டிய விகர்ஸ் என்ற விலங்கியலாளர் 'கொலம்பாய்டிஸ்' என்று வைத்தார். புறாவைப் போன்றது என்று பொருள். தலை, முதுகு, மார்பு மூன்றும் மாடப்புறாவின் சாம்பல் நிறத்தில் இருப்பதைப் பார்த்தால் பெயரில் குறை சொல்ல முடியாது.

சேர்ந்தாற்போல நான்கு பயணங்கள் போய், பறந்து மறையும் வாலைத் தவிர வேறெதையும் காணாமல் திரும்பியவன் நான். ஐந்தாம் முறைதான் பறவை கிடைத்தது. அந்த நான்கு பயணச் செலவை உங்களுக்கு மிச்சப்படுத்தலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

1. ஊர்க்கிளியிடம் பாடம் படியுங்கள்

மலைக்குப் போவதற்கு முன் இரண்டு வாரம் உங்கள் தெருவில் வருகிற செந்தார்ப் பைங்கிளிகளைக் கவனியுங்கள். கிளிகளின் அடிப்படைப் பழக்கங்கள் எல்லா இனத்துக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். பறக்கும்போது ஊரைக் கூட்டும். இலைக்குள் அமர்ந்து தின்னத் தொடங்கிவிட்டால் வாயே திறக்காது. அத்தனை கிளிகள் ஒரே மரத்தில் இறங்குவதை இப்போதுதான் பார்த்திருப்பீர்கள். அடுத்த நிமிடம் அண்ணாந்து பார்த்தால் மரம் காலியாகத் தெரியும்.

காலைப் பாருங்கள். இரண்டு விரல் முன்னே, இரண்டு விரல் பின்னே. காயைக் காலால் பிடித்து வாய்க்குக் கொண்டுபோவது இந்த அமைப்பால்தான். கிளையில் ஏறும்போது அலகையும் மூன்றாவது காலாக ஊன்றும். ஒரு கிளை அசைந்து, காற்றில்லாத நேரத்தில் அது மட்டும் அசைந்துகொண்டே இருந்தால், அங்கே கிளி நடந்துகொண்டிருக்கலாம். இந்த அசைவை வீட்டு வேப்ப மரத்தில் கண்டுபிடிக்கத் தெரியாதவருக்கு நாற்பது மீட்டர் உயரக் காட்டு மரத்தில் அது பிடிபடாது.

காதையும் பழக்குங்கள். ஊர்க்கிளியின் 'கீ...யாக்' என்ற கத்தல் உங்களுக்கு மனப்பாடமாக வேண்டும். காட்டில் கேட்கும் குரல் அதுவா, அது இல்லையா என்று முடிவுசெய்யத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

2. குழப்பும் கிளிகளைப் பிரித்தறியுங்கள்

தென்மேற்கு மலைகளில் நீங்கள் எதிர்கொள்ளக்கூடிய கிளிகள் முக்கியமாக நான்கு. செந்தார்ப் பைங்கிளியைச் சொல்லிவிட்டேன். இரண்டாவது, சின்னக்கிளி. ஏறக்குறையச் சிட்டுக்குருவி அளவு உடல், சுமார் 14 செ.மீ. வால் குட்டை, வாலுக்கு மேலே அடிமுதுகு சிவப்பு. தூங்கும்போது வௌவால் போலத் தலைகீழாகத் தொங்கும் இந்தக் குட்டிப் பறவையை நீலப் பைங்கிளியோடு குழப்பிக்கொள்ள வழியே இல்லை. அதை விட்டுவிடுவோம்.

தொல்லை தருவது செந்தலைக்கிளி. அதிலும் பெண். ஆணின் தலை நாவல்பழமும் ரோஜாவும் கலந்த நிறத்தில் இருப்பதால் ஒரு பார்வையில் தெரிந்துவிடும். பெண்ணின் தலை சாம்பல் நிறம். மலைக்குப் புதிதாக வருகிறவர் சாம்பல் தலையைக் கண்டதும் நீலப் பைங்கிளி என்று எழுதிவிடுவார். நானும் எழுதியிருக்கிறேன். பிறகு வெட்கப்பட்டு அடித்தும் இருக்கிறேன்.

மூன்று இடங்களைப் பார்த்தால் தப்பு நேராது. முதலில் கழுத்து. செந்தலைப் பெண்ணின் சாம்பல் நிறம் தலையோடு நின்றுவிடும், கீழே மங்கிய மஞ்சள் வளையம், அதற்குக் கீழே முழுப் பச்சை. நீலப் பைங்கிளிக்குக் கழுத்தில் கறுப்பு வளையம். சாம்பல் அதோடு முடியாமல் மார்புக்கும் முதுகுக்கும் வழிந்து இறங்கும். ஆணாக இருந்தால் கறுப்பு வளையத்துக்குக் கீழே நீலப்பச்சையில் இன்னொரு பட்டை ஒட்டியிருக்கும். பெண்ணுக்கு அது கிடையாது. இரண்டாவது, அலகு. செந்தலைப் பெண்ணுக்கு மஞ்சள். நீலப் பைங்கிளியில் ஆணுக்கு மேல் அலகு சிவப்பு, பெண்ணுக்குக் கருமை. மூன்றாவது, வால் நுனி. பறந்துபோகும் பறவையில் கடைசியாக மிஞ்சுவது அதுதான் என்பதால் நான் அதிகம் நம்புவது இதையே. இரண்டுக்கும் வால் நீலம். செந்தலைக்கிளிக்கு நுனி வெள்ளை, நீலப் பைங்கிளிக்கு நுனி மஞ்சள்.

குரலும் உதவும். செந்தலைக்கிளி 'டூயி, டூயி' என்று கொஞ்சம் இசையோடு கூப்பிட்டுக்கொண்டே போகும். நீலப் பைங்கிளியின் குரல் கரகரப்பானது. இரண்டு அசையாக விழும் கத்தல், ஓட்டுச்சில்லைக் கல்லில் தேய்த்ததுபோல. அழகான பறவைக்கு அழகான குரல் வேண்டும் என்று எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான்.

ஒரு எச்சரிக்கை: இளம் பறவைகளில் பச்சை மிகுதி, கழுத்து வளையமும் தெளிவாக இராது. கூட்டத்தில் இருக்கும் முதிர்ந்த பறவையைத் தேடிப் பிடித்து, அதை வைத்து இனத்தை முடிவுசெய்யுங்கள்.

3. உயரத்தைக் கணக்கிட்டு இடத்தைத் தேர்ந்தெடுங்கள்

இந்தப் பறவை மலையெல்லாம் சீராகப் பரவி வாழ்வதில்லை. அடிவாரத்து முள்காடு இதற்குப் பிடிக்காது. உச்சியின் குளிர்ந்த புல்வெளியும் பிடிக்காது. பெரும்பாலும் 450 மீட்டரிலிருந்து 1,000 மீட்டர் வரையான ஈரக்காடுகள்தான் இதன் வீடு. சில இடங்களில் அதற்கு மேலும் ஏறும். பசுமைமாறாக் காடு, ஈர இலையுதிர் காடு, இவற்றின் விளிம்பில் நிழல்மரங்கள் விட்டுவைத்த காப்பித் தோட்டம். மகாராஷ்டிரம், கோவா, கர்நாடகம், கேரளம், தமிழ்நாடு என ஐந்து மாநிலங்களிலும் இந்த உயரப் பட்டையை ஒட்டி இது கிடைக்கும்.

தமிழ்நாட்டிலிருந்து புறப்படுகிறவருக்கு என் முதல் பரிந்துரை ஆனைமலை. பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை போகும் சாலையே ஒரு பாடப்புத்தகம். நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். ஆழியாறு அணையருகே செந்தார்ப் பைங்கிளியின் கத்தல் கேட்கும். வளைவுகள் ஏற ஏற மரங்கள் உயர்ந்து, காற்றில் ஈரம் கூடி, ஓர் இடத்தில் அந்தக் குரல் நின்றுபோகும். அதற்குப் பிறகு எந்தக் கிளிக் குரல் கேட்டாலும் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். பஸ்ஸில் ஜன்னலோர இருக்கை கிடைத்தால் இந்த மாற்றத்தைக் கேட்டுக்கொண்டே போகலாம்.

வால்பாறையில் பார்க்கும் இடமெல்லாம் தேயிலை. புகைப்படத்துக்குக் கொள்ளை அழகு. கிளிக்கு அதில் ஒன்றுமே இல்லை. தேயிலைக்கு நிழலாக நிற்கும் சில்வர் ஓக் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரம். நேர்நேராக வளர்ந்து, அடிக்கடி கிளை கழிக்கப்பட்டு நிற்கிறது. அங்கே நேரத்தைச் செலவிடாதீர்கள். தோட்டங்களுக்கு நடுவே தீவு தீவாக எஞ்சியிருக்கும் மழைக்காட்டுத் துண்டுகளைத் தேடுங்கள். சோலைமந்திகள் சாலையில் உட்கார்ந்து பேன் பார்க்கும் புதுத்தோட்டம் அப்படிப்பட்ட இடம். டாப்ஸ்லிப், கூடலூர்ப் பக்கத்துச் சரிவுகள், களக்காடு முண்டந்துறை ஆகியவையும் நல்ல இடங்கள். கேரளத்துக்குள் போக முடிந்தால் பரம்பிக்குளம், பெரியாறு, தட்டேக்காடு. கர்நாடகத்தில் குடகுக் காப்பித் தோட்டங்கள்.

புலிகள் காப்பகங்களுக்குள் அனுமதியில்லாமல் நடக்கக் கூடாது. பல இடங்களில் வனத்துறை ஆளோ உள்ளூர் வழிகாட்டியோ கூட வந்தால்தான் விடுவார்கள். இதைத் தடையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அவர்கள் கண்ணில் படுகிற கிளியில் பாதிகூட நம் கண்ணில் படாது. வால்பாறைத் தோட்டச் சாலைகளில் உயரத்தில் சிவப்பு விளக்கு மின்னுவதைக் கண்டால் அருகே யானை நிற்கிறது என்று பொருள். வந்த வழியே திரும்பிவிடுங்கள்.

4. மாதம்

டிசம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை. இனப்பெருக்க காலம் அது, பூக்காலமும் அதுவே. வானமும் பெரும்பாலும் தெளிந்திருக்கும். ஜூன் தொடங்கித் தென்மேற்குப் பருவமழை கொட்டும்போது கிளி அங்கேதான் இருக்கும், ஆனால் நீங்கள் தொலைநோக்கியின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டும் காலில் ஏறும் அட்டையைப் பிடுங்கிக்கொண்டும் இருப்பீர்கள். முதல் பயணத்துக்கு அந்த வீரம் தேவையில்லை.

5. கையில் எடுத்துக்கொள்ள வேண்டியவை

8×42 தொலைநோக்கி. எட்டு மடங்கு பெரிதாக்கும், 42 மில்லிமீட்டர் கண்ணாடி. பத்து மடங்கு இன்னும் நல்லதல்லவா என்று கடையில் கேட்கத் தோன்றும். காட்டுக்குள் வெளிச்சம் குறைவு, கழுத்தை அண்ணாந்து பிடித்தால் கை நடுங்கும், பத்து மடங்கில் அந்த நடுக்கமும் பெரிதாகும். எட்டே போதும். மங்கிய பச்சையிலோ பழுப்பிலோ உடை, ஒரு சின்னக் குறிப்பேடு, பென்சில். மை கரையும், பென்சில் கரையாது.

6. மரத்தைக் கண்டுபிடியுங்கள்

என் முதல் நான்கு பயணங்களும் வீணாகப் போனதற்குக் காரணம், நான் கிளியைத் தேடினேன். கத்தல் கேட்கும் திசையில் ஓடுவேன். நான் போய்ச் சேர்வதற்குள் கூட்டம் அடுத்த பள்ளத்தாக்கைத் தாண்டியிருக்கும். இந்தப் பறவை அம்புபோல நேராகவும் வேகமாகவும் பறக்கும். காலால் நடக்கிறவன் அதைத் துரத்துவது கேலிக்கூத்து.

ஐந்தாம் பயணத்தில் உடன் வந்த வேட்டைத் தடுப்புக் காவலர், நான் அண்ணாந்தபடி நடப்பதை அரை மணி நேரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு, "மேலே பார்க்காதீர்கள் சார், கீழே பாருங்கள்" என்றார். பாதையில் பச்சைப் பச்சையாக அத்திக்காய்த் துண்டுகள் கிடந்தன. பாதி கடித்தவை, கால்வாசி கடித்தவை, ஒரே ஒரு கடியோடு எறியப்பட்டவை. கிளி ஊதாரி. பத்துக் காயைப் பறித்தால் முழுதாகத் தின்பது சில காய்களைத்தான். மந்திகளும் இப்படிச் சிதறும். ஆனால் மந்தி தின்ற இடத்தில் ஒடிந்த சுள்ளியும் இலைக்கொத்துமாகக் கிடக்கும். கிளி தின்ற இடத்தில் துணுக்குகள் மட்டும், சீவியதுபோல. அந்தத் துணுக்கை எடுத்து உடைத்துப் பார்த்தார். வெட்டிய இடம் இன்னும் ஈரமாக இருந்தது. நாங்கள் அங்கேயே உட்கார்ந்தோம். இருபது நிமிடம் கழித்து எங்கள் தலைக்கு மேலே, முதலிலிருந்தே அங்கே இருந்திருக்க வேண்டிய ஆறு பறவைகளில் ஒன்று வாலை ஆட்டியது.

அன்றிலிருந்து நான் பின்பற்றும் முறை இது. போய்ச் சேர்ந்த முதல் நாள் தொலைநோக்கியைக் கழுத்தில் தொங்கவிட்டபடி மரங்களை மட்டும் பார்த்துக்கொண்டே நடப்பேன். ஆல், அத்தி, இச்சி வகைகளில் எது பழுத்திருக்கிறது? முள்முருங்கை பூத்திருக்கிறதா? காப்பித் தோட்டங்களில் நிழலுக்கும் மிளகுக்கொடி ஏற்றவும் முள்முருங்கையை நட்டு வைத்திருப்பார்கள். அது இலையுதிர்த்துச் செக்கச்செவேலென்று பூக்கும் நாட்களில் தேனுக்காகக் கிளிகள் அதில் வந்து விழும். இலையே இல்லாத மரம் என்பதால் அவற்றுக்கு ஒளிய இடமில்லை. புதியவருக்கு இதைவிட நல்ல வாய்ப்பு காட்டில் கிடையாது. இலவமும் அப்படித்தான், சிவப்புப் பூ, மொட்டைக் கிளை, தூரத்திலிருந்தே தெரியும்.

இப்படி இரண்டு மூன்று மரங்களைக் குறித்துக்கொண்டு, மறுநாள் விடியும் முன்பே அவற்றில் சிறந்த ஒன்றின் அருகில் போய் உட்காருங்கள். சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்க வேண்டும். வெயிலுக்கு எதிரே அமர்ந்தால் எல்லாக் கிளியும் கறுப்புக் கிளிதான். நீலமும் சாம்பலும் மஞ்சள் வால் நுனியும் ஒன்றும் தெரியாது. மரத்தடியில் உட்கார வேண்டாம். முப்பது நாற்பது மீட்டர் தள்ளி, சற்று மேடான சரிவில் இடம் கிடைத்தால் பறவையின் மட்டத்திலேயே பார்க்கலாம், கழுத்தும் பிழைக்கும். இரண்டு மணி நேரம் எழுந்திருக்காதீர்கள். சலிப்புத் தட்டும். தட்டட்டும்.

கைப்பேசியில் பதிவுசெய்த கிளிக் குரலை ஒலிக்கவிட்டு வரவழைக்கும் குறுக்குவழி வேண்டாம். இல்லாத பகையையோ இல்லாத துணையையோ தேடி அந்தப் பறவை அலைவதுதான் மிச்சம், அதுவும் குஞ்சு வளர்க்கிற மாதங்களில்.

7. பொந்தைப் பார்த்தால் விலகி நில்லுங்கள்

ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள் சில கிளிகள் ஒரே மரத்தையே சுற்றிச்சுற்றி வருவதைக் கவனிக்கலாம். அங்கே பொந்து இருக்கும். நீலப் பைங்கிளி தன் வீட்டைத் தானே கட்டுவதில்லை. மரங்கொத்தியோ குக்குறுவானோ முன்பு குடைந்து கைவிட்ட பொந்தைப் பிடித்து, வாசலைத் தனக்கேற்றபடி கொத்தி அகலமாக்கிக்கொள்ளும். பெரும்பாலும் நல்ல உயரத்தில். மழைக்காடுகளில் நாங்கு மரம் இதற்குப் பிடித்த இடங்களில் ஒன்று. உள்ளே வெள்ளை முட்டைகள், வழக்கமாக நான்கு, சில சமயம் ஐந்து. பெண் மூன்று வாரத்துக்கும் மேலாக அடைகாக்கும். அதற்கு இரை கொண்டுவருவது ஆணின் வேலை.

ஆக, இந்தக் கிளியின் குடும்பம் வேறொரு பறவையின் உழைப்பையும் ஒரு முதிர்ந்த மரத்தையும் நம்பி இருக்கிறது. பட்டுப்போன மரம்தானே என்று விறகுக்கு வெட்டினால் போவது விறகு மட்டுமல்ல. காடு துண்டுதுண்டாகித் திறந்த வெளியாகும்போது கீழேயிருந்து செந்தார்ப் பைங்கிளி மேலே ஏறி வருகிறது. எந்த ஊரிலும் பிழைத்துக்கொள்ளும் அந்தச் சாமர்த்தியசாலியோடு பொந்துக்குப் போட்டியிடும் நிலை இந்த மலைவாசிக்கு வருகிறது. நம் ஊர்க்கிளி மீது எனக்கு அன்பு உண்டு. மழைக்காட்டு விளிம்பில் அதன் குரலைக் கேட்டால் மட்டும் வயிற்றில் கொஞ்சம் புளியைக் கரைக்கும்.

பொந்தைக் கண்டதும் செய்ய வேண்டியது: பெற்றோர் இரையோடு வந்து, உள்ளே போகாமல் பக்கத்துக் கிளையில் தயங்கினால் நீங்கள் நெருங்கியிருக்கிறீர்கள். பின்வாங்குங்கள். அவை இயல்பாக உள்ளே போய்வரும் தூரமே உங்களுக்கான தூரம். படத்தைப் பொதுவெளியில் போட்டாலும் மரம் எங்கே நிற்கிறது என்று எழுதாதீர்கள். குஞ்சு திருடுகிறவர்களும் படிக்கத் தெரிந்தவர்கள்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 1972ஆம் ஆண்டு காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, நம் நாட்டுக் கிளி எதையும் பிடிப்பதும் விற்பதும் வாங்குவதும் கூண்டில் வளர்ப்பதும் குற்றம். பச்சைக்கிளிக்கும் இது பொருந்தும், நீலப் பைங்கிளிக்கும் பொருந்தும். மலையடிவாரத்தில் யாராவது கூடைக்குள் சாம்பல் கழுத்துக் குஞ்சைக் காட்டி விலை சொன்னால், இரக்கப்பட்டு வாங்கி விடுவிக்கலாம் என்று நினைக்காதீர்கள். நீங்கள் கொடுக்கும் பணம் அடுத்த பொந்தை உடைக்கும் கூலி. வனத்துறை அலுவலகத்துக்குத் தகவல் சொல்லுங்கள்.

8. மரத்தின் பெயரோடு குறிப்பு எழுதுங்கள்

பார்த்த அன்றே எழுதிவிடுங்கள். தேதி, நேரம், இடம், எத்தனை பறவைகள், அவற்றில் ஆண் எத்தனை பெண் எத்தனை, என்ன செய்துகொண்டிருந்தன. எண்ணிக்கை சரியாகத் தெரியாவிட்டால் 'குறைந்தது ஐந்து' என்று எழுதுங்கள். பத்து என்று ஊதிப் பெரிதாக்க வேண்டாம். வால் நுனியைப் பார்த்தீர்களா, குரலை மட்டும் கேட்டீர்களா என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பறவைப் பதிவுகளைத் திரட்டும் ஈபேர்டு இணையதளத்தில் கணக்குத் தொடங்கி இவற்றைப் பதிவேற்றலாம். ஜனவரியில் பொங்கலையொட்டித் தமிழ்நாடு முழுவதும் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பில் புதியவர்களையும் சேர்த்துக்கொள்கிறார்கள். நீங்கள் மலையில் இருக்க வேண்டிய மாதமும் அதுதான்.

பலரும் எழுத மறப்பது மரத்தை. எந்த மரம், காயா, பழமா, பூவா. மாமரங்கள் ஒரே பருவத்தில் சேர்ந்து பழுக்கும். ஆல், அத்தி இனத்து மரங்கள் அப்படிச் சேர்ந்து பழுப்பதில்லை. அடுத்தடுத்து நிற்கும் இரண்டு இச்சி மரங்களில் ஒன்று பழுத்துக் கொட்டும்போது மற்றது வெறும் இலையோடு நிற்கும். ஒவ்வொரு மரத்துக்கும் தனிக் கணக்கு. போன தடவை நீங்கள் ஆறு கிளிகளைப் பார்த்த மரம் இந்தத் தடவை காலியாக இருக்கலாம். அப்போது அதற்குக் கீழே கிளியைக் காத்துக்கொண்டு உட்காராமல், 'காய் இல்லை' என்று எழுதிவிட்டு அடுத்த மரத்துக்கு நடையைக் கட்டுங்கள். என் குறிப்பேட்டில் வால்பாறைச் சாலையோரத்து இச்சி மரம் ஒன்றுக்கு மட்டும் தனியாக இரண்டு பக்கம் இருக்கிறது. அதில் கிளியைப் பற்றிய வரிகள் ஏழுதான்.